48 வயதில் கூடைப்பந்து நடுவராகலாமா?

கேள்வி: எனக்கு வயது 48. 1998 வரை கல்லூரி அணிக்காகக் கூடைப்பந்து ஆடினேன். இப்போது என் மகன் ஆடுகிறான். அவனுடைய போட்டிகளுக்குப் போகும்போதெல்லாம், நடுவர் கிடைக்காமல் ஆட்டங்கள் தாமதமாவதைப் பார்க்கிறேன். நானே நடுவர் பயிற்சியில் சேர்ந்தால் என்ன என்று தோன்றுகிறது. விதிகள் எனக்குத் தெரியும். ஆனால் முழங்கால் தாங்குமா, பயிற்சியாளர்களும் பெற்றோர்களும் கத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று தயங்குகிறேன். வீட்டிலோ, "இந்த வயதில் இது எதற்கு?" என்கிறார்கள். சேரலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகச் சேருங்கள். 1939இல் பிறந்த டிக் பவெட்டா, முப்பதுகளின் நடுவில், 1975இல்தான் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் நடுவரானார், 2014இல் ஓய்வு பெறும்போது அவருக்கு வயது 74. அவர் முழுநேரத் தொழில்முறை நடுவர் என்பதால் அவரோடு உங்களை ஒப்பிட வேண்டியதில்லை. ஆனாலும் சிறுவர் ஆட்டங்களையும் உள்ளூர்ப் போட்டிகளையும் நடத்த 48 ஒரு தடையே அல்ல என்பதற்கு அவர் போதுமான சான்று. உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது முழங்கால் அல்ல. "விதிகள் எனக்குத் தெரியும்" என்ற வரிதான்.

நீங்கள் ஆடிய 1998இல் பன்னாட்டு விதிப்படி ஆட்டம் இருபது நிமிடப் பாதிகள் இரண்டாக நடந்தது. கூடையை நோக்கி எறிய 30 விநாடியும், பந்தை எதிர்ப்பாதிக்குக் கொண்டுசெல்ல 10 விநாடியும் இருந்தன. 2000இல் அது பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்காகவும், 24 விநாடி, 8 விநாடியாகவும் மாறியது. 2010இல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குப் பின்வாங்கியது. கூடைக்கு முன்னால் சரிவகமாக இருந்த மூன்று விநாடிப் பகுதி (தாக்கும் அணியினர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத இடம்) செவ்வகமானது. கூடைக்கு அடியில் அரைவட்டம் ஒன்றும் வந்தது. அந்த அரைவட்டத்துக்குள் நிற்கும் தடுப்பாட்டக்காரர், பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்து வந்து தன்மேல் மோதியவருக்குச் சார்ஜ் ஃபவுல் (தாக்குபவர் மோதிய தவறு) கேட்க முடியாது. 2014 முதல், எறிந்த பந்து கூடையில் பட்டுத் திரும்பி வரும்போது தாக்கும் அணியே அதைப் பிடித்தால் (ரீபவுண்ட்), எறிவதற்கான நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக் 24க்குப் பதிலாக 14 விநாடியிலிருந்து ஓடுகிறது. 2017இல், ஓடிக்கொண்டே பந்தைக் கைக்கொள்பவரின் கால்கள் எப்போதிலிருந்து எண்ணப்படும் என்பதும் மாறியது. நீங்கள் டிராவலிங் (பந்தைக் கையில் வைத்தபடி விதியை மீறி அடி வைப்பது) என்று அடித்துச் சொல்லும் பல நகர்வுகள் இன்று முறையானவை. விளையாடிய நாட்களின் நினைவு விதிநூலைவிட வேகமாகக் கையை விசிலுக்குக் கொண்டுபோகும் என்பதால், எதுவுமே தெரியாத இருபது வயதுக்காரரைவிட உங்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் வேலை அதிகம். பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீபாவின் நடப்பு விதிநூலையும் அதற்கான விளக்கங்களையும் முதல் பக்கத்திலிருந்து, இதுவரை கேள்விப்படாதவர்போலப் படியுங்கள். உங்கள் போட்டிகள் வேறு விதிநூலைப் பின்பற்றினால் அதைப் படியுங்கள்.

விதிகளைவிடக் கடினமானது பார்வை. ஆடியவருக்கும் ரசித்தவருக்கும் கண் எப்போதும் பந்தின் பின்னாலேயே போகும். இந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் நடுவர் பயிற்சியின் பெரும்பகுதி என்பது என் கருத்து. இருவர் நடத்தும் ஆட்டத்தில் ஒருவர் கூடைக்குப் பின்னால் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பார், அவர் லீட். மற்றவர் ஆட்டத்துக்குப் பின்னால் வருவார், அவர் டிரெயில். ஒரு பெண் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி எறிகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரங்கில் உள்ள எல்லாக் கண்களும் பந்தோடு மேலே போகின்றன. டிரெயிலின் கண் மட்டும் எறிந்தவளிடமே நிற்க வேண்டும், அவள் பாதங்கள் தரையைத் தொடும்வரை. தடுக்க வந்தவள் அவள் இறங்கும் இடத்துக்குள் காலை நீட்டினால் கணுக்கால் போய்விடும். அதே நொடியில் லீட், கூடைக்கு அடியில் ரீபவுண்டுக்காக யார் யாரை முதுகில் தள்ளுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு மைதானம்கூட வேண்டாம். மகனுடைய அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் ஒரு கால்பகுதி முழுவதும் தடுப்பவர்களின் இடுப்பையும் கால்களையும் மட்டும் பார்த்துப் பழகுங்கள். மோதல் தடுப்பவரின் தவறா (பிளாக்), தாக்குபவரின் தவறா (சார்ஜ்) என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் தடுப்பவரிடம்தான் இருக்கிறது: மோதலுக்கு முன்பே அவர் எதிராளியை நேராகப் பார்த்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி இடம்பிடித்தாரா என்பதைப் பார்க்காதவர் ஊகித்துத்தான் ஊத வேண்டியிருக்கும்.

விசிலும் கைகளும் கண்ணாடிமுன் நின்று பழக வேண்டியவை. உள்ளே உருளும் குண்டு (பட்டாணி) இல்லாத விசில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் அடைத்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரே ஊதல், சுருக்கமாக, உறுதியாக. ஃபவுலுக்கு மூடிய முட்டியை உயர்த்த வேண்டும். மற்ற விதிமீறல்களுக்கு விரித்த உள்ளங்கையை. பிறகு ஸ்கோரும் நேரமும் குறிக்கும் மேசையில் இருப்பவர்கள் தெளிவாகப் பார்க்கும் இடத்துக்குப் போய் நின்று, ஆட்டக்காரரின் எண், ஃபவுலின் வகை, அடுத்து என்ன என்பதை இதே வரிசையில் காட்ட வேண்டும். எண் 23 என்றால் முதலில் புறங்கையைக் காட்டி இரண்டு விரல், அடுத்து உள்ளங்கையைக் காட்டி மூன்று விரல். அவசரப்பட்டு ஓடிக்கொண்டே காட்டும் புதிய நடுவரை யாரும் நம்புவதில்லை. நின்று நிதானமாகக் காட்டுபவரின் தவறான முடிவைக்கூடப் பாதிப் பேர் ஏற்றுக்கொள்கிறார்கள். நடுத்தர வயதின் நிதானம் உங்களுக்குப் பெரிதும் உதவப்போவது இங்கேதான்.

இனி உடல். மைதானம் 28 மீட்டர் நீளம். நடுவர் அதில் சீராக ஓடுவதில்லை. பாய்ந்து, சட்டென நின்று, திரும்பி மறுபடி பாய்கிறார். இதில் முழங்காலுக்கு முன்பே கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் முரண்டுபிடிக்கும், அதுவும் பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஓடுபவர்களுக்கு. மருத்துவரிடம் இதயத்தையும் மூட்டையும் காட்டிவிட்டு, முதல் ஆட்டத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியையும் குறுகிய பாய்ச்சல்களையும் மெல்லக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பல நாள் போட்டிகளில், "இன்னும் ஒரே ஓர் ஆட்டம்" என்று அமைப்பாளர்கள் கெஞ்சுவார்கள். தொடக்க ஆண்டில் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கண் பரிசோதனையும் அவசியம். வாசிப்புக் கண்ணாடி போடும் வயதில் தூரப் பார்வையையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கத்துபவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கத்துவார்கள். பயிற்சியாளர் கேள்வியாகக் கேட்டால், ஆட்டம் நிற்கும் நேரத்தில் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள்: "கை தோளில் பட்டது, அதனால் ஃபவுல்." கேள்வி இல்லாமல் வெறும் எரிச்சலாக இருந்தால் பதில் வேண்டாம். அது தொடர்ந்தால் ஒருமுறை எச்சரியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், நடத்தைக்கான தண்டனையான டெக்னிக்கல் ஃபவுல் கொடுங்கள். சொந்த நடத்தைக்காக இப்படி இரண்டு வாங்கும் பயிற்சியாளர், ஃபீபா விதிப்படி வெளியேற வேண்டியவர். பார்வையாளர் வரிசையில் இருக்கும் பெற்றோரோடு ஒருபோதும் வாதாடாதீர்கள். எல்லை மீறினால் ஆட்டத்தை நிறுத்தி அமைப்பாளரை அழையுங்கள், அது அவர் பொறுப்பு. இதைவிட உங்களுக்கு வலிக்கக்கூடியது வேறொன்று உண்டு. உங்களோடு நடத்தும் சக நடுவருக்கு 22 வயது இருக்கலாம். இடைவேளையில் அவர் உங்கள் தவறுகளைச் சொல்லுவார். வீட்டிலும் வேலையிலும் உங்களுக்கு இருக்கும் மூப்பு மைதானத்தில் செல்லாது. அந்தக் குறிப்புகளை முகம் சுளிக்காமல் கேட்டு எழுதிவைத்துக்கொள்பவர்கள்தாம் ஓராண்டில் தேறுகிறார்கள்.

உங்கள் பகுதிக் கூடைப்பந்துச் சங்கத்தில் நடுவர் வகுப்பு எப்போது என்று கேளுங்கள். அதுவரை மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதவும் கடிகாரம் இயக்கவும் முன்வாருங்கள். நல்ல நடுவர்களை அவ்வளவு அருகிலிருந்து பார்க்க வேறு வழியில்லை. தேர்ச்சி பெற்றதும் சிறுவர் ஆட்டங்களில் தொடங்குங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே அமைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்: உங்கள் மகனின் அணி ஆடும் ஆட்டத்தையும், அவனுடைய பிரிவில் போட்டி அணிகள் ஆடும் ஆட்டங்களையும் உங்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று. ஆளில்லாத அவசரத்தில் உங்களைத்தான் முதலில் கேட்பார்கள். நீங்கள் எவ்வளவு நேர்மையாக ஊதினாலும் அதற்கான விலையை அவன்தான் அணித் தோழர்களிடம் கொடுக்க நேரும்.