அனுமதி நிலைக்கு அல்ல, அம்புக்குறிக்கு: ஒர்க்ஃப்ளோ கேள்வி-பதில்

வரைவு, சரிபார்ப்பு, வெளியீடு என்று ஒரு கட்டுரை கடந்துபோகும் நிலைகளின் வரிசைதான் ஒர்க்ஃப்ளோ. இந்த முறை கேள்விகளில் பெரும்பாலானவை, இணையதள உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருளான டிரூபலைப் பற்றியவை. கடைசிக் கேள்வி மட்டும் அதே வகை மென்பொருளான வேர்ட்பிரஸ் பற்றியது.

கேள்வி: வெளியான கட்டுரையைத் திருத்தி, நாங்களே உருவாக்கிய 'சரிபார்ப்பில்' நிலைக்கு அனுப்பினால், தளத்தில் இருந்த பழைய கட்டுரையும் மறைந்துவிடுகிறது. ஏன்?

அந்த நிலையின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும்: 'பப்ளிஷ்டு', 'டீஃபால்ட் ரிவிஷன்'. இரண்டாவதை மட்டும் டிக் செய்திருப்பீர்கள் என்பது என் ஊகம்.

'பப்ளிஷ்டு' என்றால் வாசகர் கண்ணில் படும். 'டீஃபால்ட் ரிவிஷன்' என்றால் இனி இந்தப் பிரதிதான் கட்டுரையின் மூலப் பிரதி. இரண்டாவது மட்டும் இருந்தால், வெளியாகாத ஒரு பிரதி மூலப் பிரதியின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்; கட்டுரை தளத்தை விட்டு இறங்கிவிடும். இந்தச் சேர்க்கை 'ஆர்க்கைவ்டு' (தளத்திலிருந்து எடுத்துக் காப்பில் வைத்த) நிலைக்கென்றே உள்ளது. வரைவுக்கும் சரிபார்ப்புக்கும் இரண்டு பெட்டிகளும் காலியாக இருக்கட்டும். பழையது தளத்தில் நிற்கும், புதியது 'லேட்டஸ்ட் வெர்ஷன்' தாவலில் காத்திருக்கும்.

டிக்கை எடுத்ததும் ஏற்கெனவே மறைந்தவை தாமாகத் திரும்பா. ஒவ்வொன்றையும் மறுபடி வெளியிட வேண்டும்.

கேள்வி: சரிபார்ப்பவர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு அதே நிலையில் சேமிக்க முடியவில்லை.

ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்புக்குறிதான் நிலைமாற்றம். இருந்த இடத்திலேயே இருப்பதும் டிரூபலின் கணக்கில் ஒரு நிலைமாற்றம்தான். ஒரு நிலைமாற்றத்துக்குப் புறப்படும் நிலைகள் பல இருக்கலாம், சேருமிடம் ஒன்றுதான். 'சரிபார்ப்புக்கு அனுப்பு' என்பதன் புறப்படும் நிலைகளில் 'சரிபார்ப்பில்' என்பதையும் சேருங்கள். அந்த நிலைமாற்றத்துக்கான அனுமதி சரிபார்ப்பவரிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: நிருபர்கள் அனுப்பலாம், ஆனால் வெளியிடக் கூடாது. எந்த நிலையைப் பூட்டுவது?

நிலையைப் பூட்ட முடியாது. அனுமதி ஒவ்வொரு நிலைமாற்றத்துக்கும் தனித்தனியாக உண்டு. நிருபர் ரோலுக்கு (அதாவது நிருபர்களுக்கான அனுமதித் தொகுப்புக்கு) வரைவு, அனுப்புதல் இரண்டை மட்டும் கொடுங்கள்.

சோதிக்கும்போது அட்மின் கணக்கில் சோதிக்காதீர்கள், அதற்கு எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். நான் ஒருமுறை அப்படித்தான் 'எல்லாம் சரி' என்று ஒப்படைத்தேன். மறுநாள் எழுதுபவர் ஒருவருக்கும் அனுப்பும் வழியே தெரியவில்லை. ரோலுக்கு ஒரு சோதனைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிர்வாகம் ஒன்பது நிலைகள் கேட்கிறது. வைக்கலாமா?

ஒவ்வொரு நிலைக்கும் நேரே, அங்கே யாருடைய கை வேலை செய்யும் என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத முடியாதவற்றை அடித்துவிடுங்கள். 'படம் வரவில்லை' என்பது நிலை அல்ல, ஒரு குறிப்பு.

கேள்வி: வேண்டாத நிலையை நீக்க விடமாட்டேன் என்கிறது.

அதில் ஏதோ உள்ளடக்கம் இன்னும் இருக்கிறது. முதலில் அதற்குள் வரும் அம்புகளை எடுங்கள், பிறகு உள்ளே இருப்பதை வேறு நிலைக்கு நகர்த்துங்கள், அப்புறம் நீக்குங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸில் இதெல்லாம் உண்டா?

'டிராஃப்ட்', 'பெண்டிங்', 'பப்ளிஷ்' நிலைகள் உண்டு. 'கான்ட்ரிப்யூட்டர்' ரோல் எழுதிச் சமர்ப்பிக்கலாம், வெளியிட முடியாது. சிறு குழுவுக்கு இதுவே போதும். நிரல் எழுதிப் புது நிலை சேர்க்கலாம்தான். ஆனால் எங்கிருந்து எங்கே போகலாம் என்ற விதி அதோடு வராது. நிலை மாறும்போது இயங்கும் ஹூக்கும் (நம் நிரலை மாட்டிவைக்கும் இடம்) மாறிய பிறகு சேதி சொல்லுமே தவிர, முன்னால் நின்று தடுக்காது. தடுப்புதான் தேவை என்றால் அதற்கென உள்ள பிளகின் (கூடுதல் வசதி தரும் நீட்சி) ஒன்றைப் போட்டுவிடுங்கள்.