மகன் கிரேன் படிக்கப் போகிறேன் என்கிறான், விடலாமா?

அம்மா, சாதாரண தரம் எழுதிய கையோடு தம்பி கிரேன் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறார், "லொறி ஓட்டுறது மாதிரித்தானே, இதுக்கென்ன படிப்பு" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு இருக்கிறது, அதுவும் கணக்குப் படிப்பு.

எங்கள் வீதிகளில் ஓடும் பழைய ஜப்பான் கிரேன்களில் 'டடானோ' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். மசுவோ டடானோ 1919இல் தொடங்கியது வெறும் வெல்டிங் தொழில். 1948இல் தகாமட்சு நகரில் கம்பனியானது. 1955இல் ஜப்பானின் முதல் ஹைட்ராலிக் ட்ரக் கிரேனைச் செய்தார்கள். தூக்கியது 2 தொன் மட்டுந்தான். ஆனால் கம்பிவடமும் கிளச்சும் செய்த வேலையை எண்ணெய் அழுத்தம் எடுத்துக்கொண்டது. 1990இல் ஜெர்மனியின் ஃபவுன் கிரேன் கம்பனியையும் 2019இல் டிமாக் மொபைல் கிரேன் பிரிவையும் வாங்கினார்கள். இப்போது மின்கலத்தில் இயங்கும் கிரேனும் செய்கிறார்கள். கைப்பலம் கேட்ட வேலை, ஹைட்ராலிக்கும் மின்னியலும் கேட்கும் வேலையாகிவிட்டது. தம்பி எதைப் படிக்க வேண்டும் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

'25 தொன் கிரேன்' என்றால் எங்கும் 25 தொன் தூக்கும் என்றில்லை. ஏறத்தாழ 3 மீற்றர் ஆரத்தில், அதாவது கிரேன் சுழலும் நடுவிலிருந்து பாரம் தொங்கும் இடம் வரையான தூரத்தில்தான் அந்த அளவு. பூமை (கிரேனின் நீளும் கையை) நீட்டி 20 மீற்றருக்குப் போனால் சில தொன்தான் மிஞ்சும். அதிலும் கொக்கியின் பாரத்தையும், சாமானைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கின் பாரத்தையும் கழிக்க வேண்டும். இரண்டு கால் ஸ்லிங்கில் 1000 கிலோ தொங்கினால், கிடையோடு 60 பாகையில் ஒரு காலுக்கு 577 கிலோ. அதே ஸ்லிங்கை 30 பாகைக்கு விரித்தால் ஒவ்வொரு காலுக்கும் முழு 1000 கிலோ. இந்தக் கணக்குத் தெரியாதவர் இங்கேதான் கம்பியை அறுக்கிறார்.

அடுத்தது நிலம். கிரேன் சரியாமல் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் கால்தான் அவுட்ரிகர். அப்படி ஒன்றில் 10 தொன் இறங்கி, அதன் அடித் தட்டு 40 சென்ரிமீற்றர் சதுரமாக இருந்தால் அழுத்தம் சதுர மீற்றருக்கு 62 தொன்னுக்கு மேல். திருகோணமலை நிலாவெளிப் பக்கத்து மணலில் அது புதையும், கிரேன் சரியும். கீழே ஒரு மீற்றர் சதுரத்தில் வலுவான பலகை அடுக்கினால் 10 தொன்னாகக் குறையும். பழைய இறக்குமதிக் கிரேன்களில் பாரம் காட்டும் பெட்டி ஜப்பான் மொழியில் இருக்கும். வாசிக்கத் தெரியாமல் அலாரத்தை அடைத்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் மட்டும் தம்பியை வேலை பழக விடாதீர்கள்.

நேரே ஒப்பரேட்டர் கோர்ஸுக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. எப்படியும் கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்கு இன்னும் வயது காணாது. அந்த வருடங்களில் தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்திலோ மெக்கானிக் பக்கம் என்.வி.கியூ 4 (தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டம்) எடுக்கட்டும். பம்ப், வால்வு, சிலிண்டர் சீல் கழற்றிப் பூட்டத் தெரிந்தவருக்குச் சீமெந்து ஆலையிலும் மா ஆலையிலும் துறைமுகத்திலும் கேட்க ஒரு வாசலாவது இருக்கும். ஓட்ட மட்டும் தெரிந்தவர், கிரேன் நின்றால் தானும் நிற்பார். பிறகு ரிகிங் (பாரத்தைக் கட்டிக் கொக்கியில் மாட்டும் வேலை), அதற்குப் பிறகு ஒப்பரேட்டர் பயிற்சி.

தனியார் நிலையம் என்றால், மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவானதா என்பதோடு, அந்தக் கோர்ஸுக்குத் தரச்சான்று உண்டா என்றும் தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. ஒரு பிள்ளைக்கு மெஷினில் எத்தனை மணித்தியாலம் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு காசைக் கட்டுங்கள்.