பணம் எங்கே போக வேண்டும் என்று யார் சொல்வது?

கேள்வி: உள்ளாட்சி பட்ஜெட்டில் எந்த வேலைக்குப் பணம் ஒதுக்குவது என்பதைப் பொதுமக்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். ஆளாளுக்குத் தன் தெருவுக்குத்தானே கேட்பார்கள்? கணக்கு வழக்கு தெரியாதவர்கள் கையில் பொதுப்பணத்தைக் கொடுப்பதா? தேர்ந்தெடுத்த உறுப்பினர்களும் பொறியாளர்களும் பிறகு எதற்கு?
– ஒரு வாசகர்

பதில்: தன் தெருவுக்குக் கேட்பதில் என்ன தவறு? மழைக்காலம் முழுக்கச் சாக்கடைத் தண்ணீரில் கால் வைத்து நடக்கிறவர் அந்தத் தெருவைப் பற்றித்தான் முதலில் பேசுவார். அவர் சொல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த தெருவின் கஷ்டத்தை அவர் கண்ணால் பார்க்க வழி இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச்சி நகரத்தில் 1993 முதல் நடந்ததைச் சொல்கிறேன். வாக்களிப்பதற்கு முன் எல்லாப் பகுதிகளின் பிரதிநிதிகளையும் பேருந்தில் ஏற்றி, ஒவ்வொரு பகுதியும் கேட்டிருக்கும் வேலை நடக்க வேண்டிய இடத்துக்கே அழைத்துப் போவார்கள். தன் தெருவுக்குத் தார் கேட்டு வந்தவர், மண் சரியும் மேட்டில் வீடு கட்டியிருப்பவரின் வாசலில் இறங்கி நிற்கிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் வாக்குப் போட வேண்டும். கணக்கு தெரியாதவர்கள் என்கிறீர்களே, எது முந்தி, எது பிந்தி என்று தீர்மானிக்க இதைவிட நல்ல பாடம் எது?

இதற்கெல்லாம் முன்னோடி அதே நாட்டின் போர்ட்டோ அலெக்ரே. 1989இல் தொழிலாளர் கட்சி நகராட்சியைப் பிடித்ததும் ஒலிவியோ துத்ரா மேயராக இருந்தபோது தொடங்கியது. ஆரம்பத்தில் வருவாயில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விட்டது. வரி வருவாயைச் சீர்படுத்தி, கேட்ட வேலைகள் கண்ணெதிரே நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஆயிரக்கணக்கானவர்கள் கூட்டங்களுக்கு வந்தார்கள். பணத்தைப் பிரித்த முறையையும் கவனியுங்கள். கைதூக்கும் கணக்கை மட்டும் பார்க்கவில்லை. ஒரு பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கேட்கிற வசதி அங்கே எவ்வளவு குறைவாக இருக்கிறது, மக்கள் எதை முதலில் வைத்தார்கள் என்று மூன்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். இல்லாதவர்களுக்குக் கூடுதல் பங்கு போனது. குடிநீர், கழிவுநீர் இணைப்புள்ள வீடுகள் 1988இல் 75 சதவீதம். 1997இல் அது 98 சதவீதம்.

சரி, பொறியாளர்கள் எதற்கு? எது வேண்டும் என்பதை அங்கே குடியிருப்பவர் சொல்கிறார். குழாய் எத்தனை அங்குலம், எவ்வளவு செலவாகும் என்பதைப் பொறியாளர் சொல்கிறார். 1996இல் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் விட்டது. கிராம சபைகளில் வந்த கோரிக்கைகளைத் திட்டமாக்கி மதிப்பீடு போடும்போது ஓய்வுபெற்ற பொறியாளர்களும் துறை வல்லுநர்களும் தன்னார்வலர்களாக வந்து சரிபார்த்தார்கள். உறுப்பினருக்கும் வேலை குறைந்துவிடாது. அவர் மன்றத்தில் நிறைவேற்ற வேண்டிய பட்ஜெட் அவருடையதுதான். அதில் யாருடைய குரல் இருக்கிறது என்பது மட்டும் மாறுகிறது.

உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நேரம் இருப்பவர், பேசத் தெரிந்தவர், இணையத்தில் வாக்களிக்க முடிந்தவர் முந்திக்கொள்வார். பாரிஸ் 2014இல் இதைத் தொடங்கியது. வயதோ குடியுரிமையோ பாராமல் நகரத்தில் வசிக்கிற எவரும் வாக்களிக்கலாம் என்றார்கள். அப்படியும் 2016இல் இதற்கென்று ஒதுக்கிய 10 கோடி யூரோவில் 3 கோடியை உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளுக்கென்று தனியாக எடுத்துவைக்க வேண்டியிருந்தது. திறந்த கதவு மட்டும் போதாது என்று புரிந்துகொண்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அறிவிப்பு முந்தைய நாள் வந்தது. எங்கள் கையில் கொடுத்த தாளில் மொத்தத் தொகை மட்டும், எந்த வேலைக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. வயதான பெண் ஒருவர் எழுந்து, தெருவிளக்கு எரியாததால் இருட்டில் விழுந்து கை முறிந்ததைச் சொன்னார். குறித்துக்கொண்டோம் என்றார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஆண்டுக்கான டெண்டர்கள் எல்லாம் ஏற்கனவே முடிந்திருந்தன. அவரை வரவழைத்துப் பேச வைத்தது எவ்வளவு பெரிய அவமரியாதை! மக்களுக்கு ஆர்வமில்லை என்று பிறகு சொல்வதும் இதே ஆட்கள்தான்.

இது ஒருவரின் பெரிய மனதை நம்பி நடக்கவும் கூடாது. போர்ட்டோ அலெக்ரேயிலேயே 2017இல் நிறுத்திவைத்தார்கள். போலந்து 2018இல் சட்டமே போட்டு, மாவட்ட அந்தஸ்து உள்ள நகரங்கள் தங்கள் செலவில் குறைந்தது 0.5 சதவீதத்தை இதற்கு ஒதுக்கியாக வேண்டும் என்றது. அளவு சிறியதுதான். ஆனால் அடுத்து வரும் மேயர் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

எனவே உங்கள் உறுப்பினரை அடுத்த முறை பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் முடிவுக்கு விடும் தொகை எவ்வளவு? பட்ஜெட் முடிவாவதற்கு எத்தனை வாரம் முன்பு எங்களைக் கூப்பிடுவீர்கள்? போன ஆண்டு நாங்கள் கேட்டதில் எந்த வேலை எந்த நிலையில் நிற்கிறது? பதிலை எழுத்தில் வாங்கி எனக்கும் அனுப்புங்கள்.