பதில்: ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது, வந்த பணத்தைத் தொழிலில் போடலாமா?

11 வருடம் சரக்கு இருப்புக் கணக்கு பார்த்த பிரிவையே மூடிவிட்டார்கள், கையில் வந்த இழப்பீட்டை நண்பரின் தொழிலில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். வேலை போன சூட்டில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் "நான் சும்மா இல்லை" என்று நாலு பேருக்குக் காட்டுவதற்காகவே இருக்கும். முதலில் வாடகை, கடன் தவணை, சாப்பாடு, பள்ளிக் கட்டணம் என்று தவிர்க்கவே முடியாத மாதச் செலவை மட்டும் கூட்டி, இழப்பீட்டை அந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள், எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். பணி அனுபவச் சான்றிதழ் வந்துவிட்டதா? இல்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது.

அப்புறம், "எனக்கு எக்ஸெல் மட்டும்தான் தெரியும்" என்று எழுதியிருந்தீர்களே, படித்ததும் சிரிப்புதான் வந்தது. கிடங்கில் இருப்பதும் கணக்கில் இருப்பதும் ஒத்துப்போகாதபோது எங்கே உதைக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்த ஆள் நீங்கள். மருந்து, உதிரிபாகம், இணைய விற்பனை என்று எந்தக் கிடங்கிலும் அதற்கு வேலை இருக்கிறது. பயோடேட்டாவில் பதவிப் பெயரோடு நிறுத்தாமல் அப்படி ஒரு சம்பவத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். நேர்காணலில் ஏன் விலகினீர்கள் என்று கேட்டால் "பிரிவை மூடிவிட்டார்கள்" போதும், மேலே நீட்ட வேண்டாம்.

நண்பரிடம் பணத்துக்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு நாள் வந்து கணக்கு பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். தொழில் எப்படி ஓடுகிறது என்று உள்ளே இருந்தே தெரிந்துவிடும்.