யாங்கீ ஸ்டேடியத்தில் கால்பந்து பார்ப்பது பற்றி

வணக்கம் நண்பரே. நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியம் என்னும் பேஸ்பால் அரங்கில் நடந்த நியூயார்க் சிட்டி எஃப்சி கால்பந்து அணியின் ஆட்டத்திற்கு உங்கள் மகனை அழைத்துச் சென்றபோது ஒரு மூலை சரியாகத் தெரியவில்லை என்றும், அடுத்த ஆண்டுக்குப் பருவச் சீட்டு (பருவம் முழுவதும் அணியின் சொந்த அரங்கில் நடக்கும் ஆட்டங்களுக்கான சீட்டு) வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். குறை உங்கள் இருக்கையில் மட்டும் இல்லை. அந்த அரங்கின் இருக்கைகள் பேஸ்பால் அடிப்பவரையும் வீசுபவரையும் நோக்கி அமைக்கப்பட்டவை. நீள்சதுரமான கால்பந்துக் களத்தை அதற்குள் பொருத்தும்போது சில பகுதிகள் எல்லைக் கோட்டிலிருந்து வெகு தொலைவில் போய்விடுகின்றன. பந்து வீசுபவர் நிற்கும் மேட்டை அகற்றி, செம்மண் பகுதியின்மேல் புல்லை விரித்துத்தான் ஒவ்வொரு முறையும் களத்தை உருவாக்குகிறார்கள். அதன் அகலமும் சுமார் 70 கெஜம்தான் என்பதால் பக்கவாட்டில் விரிந்து ஆடும் அழகு குறைந்துவிடுகிறது, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனாலும் 2015 முதல் இந்த அணி வளர்ந்த வீடு அதுதான். 2021இல் அமெரிக்க லீக்கான எம்எல்எஸ்ஸின் கோப்பையை வென்றதும் அங்கிருந்து வளர்ந்த அணியே. அதே அரங்கில் ஆடும் பேஸ்பால் அணியான யாங்கீஸின் நிறுவனமும் இந்தக் கால்பந்து அணியின் உரிமையாளர்களுள் ஒன்று என்பதால் வெறும் வாடகைக் குடியிருப்பு என்றும் சொல்ல முடியாது.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள வில்லட்ஸ் பாயின்ட்டில் கால்பந்துக்கென்றே 25,000 இருக்கைகளுடன் கட்டப்படும் அரங்கை 2027இல் திறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதுவரை பருவச் சீட்டைத் தவிர்த்து, தனிச் சீட்டுகளாக வாங்குங்கள். பணம் செலுத்துமுன் கால்பந்துக்கான இருக்கை வரைபடத்தைப் பார்த்து, நடுக்கோட்டுக்கு நேராக மேல் அடுக்கில் அமருங்கள். அங்கிருந்து முழுக் களமும் மகனுக்குத் தெரியும்.