பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் டப்ளின் நாடக மேடையை ஒழுங்குக்குக் கொண்டுவந்த நடிகரும் அரங்க மேலாளருமான தாமஸ் ஷெரிடன் அந்த ஊரில் ஏன் நிலைக்கவில்லை?

காரணம் அந்த ஒழுங்கேதான். ரசிகர்களை அடக்கத் தெரிந்தவருக்கு அவர்களைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை.

1719-ல் பிறந்தவர். அப்பா பாதிரியார், 'கல்லிவரின் பயணங்கள்' எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்டின் நண்பர். டிரினிட்டி கல்லூரியில் பட்டம் பெற்று, 1743-ல் டப்ளினின் ஸ்மாக் ஆலி அரங்கில் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டாக மேடையேறினார். இரண்டே ஆண்டில் அரங்க நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. வந்ததும் லண்டனிலிருந்து புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக்கை வரவழைத்து அவரோடு சேர்ந்து நடித்தார். அந்த சீசன் நன்றாகவே ஓடியது.

அப்போது பெரிய இடத்துப் பிள்ளைகள் மேடை மேலேயே உட்கார்ந்து நாடகம் பார்ப்பார்கள், ஒப்பனை அறைக்குள்ளும் போய்வருவார்கள். 1747 ஜனவரியில் கெல்லி என்ற இளைஞன் குடித்துவிட்டு மேடையேறி, உள்ளே போய் நடிகைகளிடம் வம்பு செய்தான். வெளியேற்றியதும் கீழே நின்று, ஈசாப் வேடத்தில் இருந்த ஷெரிடன் மேல் ஆரஞ்சுப் பழங்களை வீசினான். நாடகம் முடிந்ததும் அறைக்கே வந்து திட்டியவனை, ஈசாப்புக்கு வைத்திருந்த தடியாலேயே ஷெரிடன் வெளுத்துவிட்டார். நடிகன் கனவானை அடிப்பதா என்று கலவரம். வழக்கில் கெல்லிக்கு 500 பவுண்டு அபராதமும் சிறையும் கிடைத்தன. அபராதத்தைத் தள்ளுபடி செய்யும்படி ஷெரிடனே கேட்டுக்கொண்டார். அதோடு மேடையில் பார்வையாளர் உட்காருவது நின்றது. லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் கேரிக் அதை ஒழிக்க 1762 ஆயிற்று. ஷெரிடனின் பெரிய சாதனை என்று நான் சொல்வது இதைத்தான்.

சறுக்கியது 1754-ல். அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் ஆளுநரின் மாளிகைக்கும் ஐரிஷ் நாடாளுமன்றத்தின் எதிர்த்தரப்புக்கும் அப்போது கடும் பகை. ஷெரிடனோ அரங்கிலேயே 'பீஃப்ஸ்டேக் கிளப்' என்ற விருந்துச் சங்கம் நடத்தி, மாளிகைக்காரர்களுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தார். தலைமை நாற்காலியில் நடிகை பெக் வாஃபிங்டன். ஊர் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தது? பிப்ரவரியில் வோல்டேரின் 'மஹோமெட்' நாடகத்தில், நாட்டைக் காட்டிக்கொடுப்பவர்களைச் சாடும் வசனத்துக்கு 'ஒன்ஸ் மோர்' கேட்டார்கள். டிக்ஸ் என்ற நடிகர் திரும்பப் பேசினார். அந்த நாடகத்தை மறுபடி போடுவதற்கு முன் ஷெரிடன் நடிகர்களைக் கூட்டி, இப்படித் திரும்பப் பேசுவது நடிப்புக்கே இழுக்கு என்று வகுப்பெடுத்தார். அதே சமயம் பேசாதே என்று நேராக உத்தரவும் போடவில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் ஆபத்து. மார்ச் 2 அன்று கூட்டம் மறுபடி 'ஒன்ஸ் மோர்' கேட்டபோது டிக்ஸ் மறுத்து, மேலாளருக்குப் பிடிக்காது என்று பழியை அவர் தலையில் போட்டார். கூட்டம் ஷெரிடனைக் கூப்பிட்டது. வந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் தணிந்திருக்கலாம். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அரங்கின் உள்பகுதி நொறுங்கியது.

லண்டன் போனவர் 1756-ல் திரும்பி, மேடையில் நின்று மன்னிப்புக் கேட்டார். 1758-ல் ஸ்ப்ரேஞ்சர் பேரி என்ற நடிகர் டப்ளினின் க்ரோ தெருவில் போட்டி அரங்கைத் திறந்தார். இரண்டு பெரிய அரங்குகளை நிரப்ப டப்ளினில் கூட்டம் ஏது? கடனோடு இங்கிலாந்து போன ஷெரிடன் பேச்சுக்கலை விரிவுரைகளால் பிழைத்தார். 1780-ல் உச்சரிப்போடு கூடிய ஆங்கில அகராதியும் வெளியிட்டார். இடையில் 1778-ல், ட்ரூரி லேனை வாங்கியிருந்த மகன், நாடகாசிரியர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன் அப்பாவையே அங்கே மேலாளராக வைத்தார். அதுவும் மூன்றாண்டுக்குத்தான் தாங்கியது.