பிசாசுக்கு எதிர்த்து நிற்பது என்றால் நடைமுறையில் என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து ஜெபத்தில் மனம் நிற்பதில்லை. கெட்ட கனவுகள் வருகின்றன. வீட்டில் அண்ணனோடு ஓயாத சண்டை. சபையில் ஒருவர், "இது சாத்தானின் தாக்குதல், உபவாசமிருந்து அவனைக் கட்டுங்கள்" என்றார், அதாவது இயேசுவின் பெயரால் அவனைக் கட்டுகிறேன் என்று சொல்லி ஜெபிக்கச் சொன்னார். கட்டிப் பார்த்தீர்கள், ஒன்றும் மாறவில்லை. "எதிர்த்து நில்லுங்கள் என்று வேதம் சொல்கிறதே, அதை எப்படித்தான் செய்வது?" என்று கேட்கிறீர்கள்.

நான் போதகர் அல்ல. ஒரு சிறிய ஜெபக்குழுவைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன், அவ்வளவுதான். பிசாசு உண்டு என்று நம்புகிறவன், ஆகவே "எல்லாம் மனப்பிரமை" என்று உங்களை அனுப்பிவிட மாட்டேன். அதே சமயம், அவனைப் பற்றி நம் கூட்டங்களில் பேசப்படுவதில் பாதிக்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது என்பதும் என் அபிப்பிராயம். சிலர் ஜெபிப்பதைக் கேட்டால், கர்த்தரோடு பேசியதைவிடச் சாத்தானோடு பேசிய நேரம்தான் அதிகமாக இருக்கும்.

நீங்கள் குறிப்பிட்ட வசனம் யாக்கோபு 4:7. "ஆகையால், தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள், பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்." பலருக்கு இதன் பின்பாதி மட்டும் மனப்பாடம். முன்பாதியையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று எல்லாப் பிரசங்கியாரும் சொல்லிவிடுகிறார்கள். நான் இன்னும் கொஞ்சம் பின்னால் போகச் சொல்வேன். அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? உங்களுக்குள்ளே யுத்தங்களும் சண்டைகளும் எதினாலே வருகிறது என்ற கேள்வியோடு. பிசாசைப் பற்றிய வசனம் முடிந்து நான்கு வசனம் தள்ளி என்ன வருகிறது? ஒருவருக்கொருவர் விரோதமாய்ப் பேசாதிருங்கள் என்று வருகிறது. சண்டைக்கும் புறங்கூறலுக்கும் நடுவில்தான் யாக்கோபு பிசாசைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

இது தற்செயல் என்று தோன்றினால் மற்ற இடங்களையும் பாருங்கள். எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்கிறார் பவுல். அதற்கு முந்தைய வரி, சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது என்பது. 2 கொரிந்தியர் 2இல், சாத்தானாலே மோசம்போகாதபடிக்கு இப்படிச் செய்தேன் என்கிறார். என்ன செய்தார்? தவறு செய்த ஒருவனை மன்னித்தார், சபையையும் மன்னிக்கச் சொன்னார். 1 பேதுரு 5:8இல் பிசாசு கெர்ச்சிக்கிற சிங்கம்போல வருகிறான். அதற்கு முந்தின வசனம் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள் என்கிறது. அதற்கும் முந்தியது, தாழ்மையாயிருங்கள்.

பிசாசுக்கு எதிராக அணிந்துகொள்ளப் பவுல் சொல்கிற தேவனுடைய சர்வாயுதவர்க்கமும் இப்படித்தான். எபேசியர் 6:10ஐத் தனியாக எடுத்துப் பிரசங்கித்துப் பிரசங்கித்து, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது. புருஷனும் மனைவியும் எப்படி நடந்துகொள்வது, பிள்ளைகளும் பெற்றோரும் எப்படி, வேலைக்காரரும் எஜமானும் எப்படி என்று ஒரு வீட்டுக்குள் நடக்கிற விஷயங்களை வரிசையாகப் பேசிவிட்டு, அந்த மூச்சிலேயே "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" நமக்குப் போராட்டம் என்கிறார் பவுல். அந்தக் கடிதம் எபேசு சபையில் சத்தமாக வாசிக்கப்பட்டபோது, அங்கே உட்கார்ந்திருந்த கணவன், மனைவி, மகன், அடிமை எல்லாருக்கும் அது எப்படிக் காதில் விழுந்திருக்கும்? உன் வீட்டில் உன் எதிரே நிற்கிறவன் உன் எதிரி அல்ல என்றுதானே?

எனவே உங்கள் பட்டியலில் நான் முதலில் கவனிப்பது கனவுகளை அல்ல, அண்ணனோடு நடக்கிற சண்டையை. "ஆவிக்குரிய தாக்குதல்" என்று நீங்கள் பெயர் வைத்திருப்பதில், தாக்குதல் இருக்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும். அண்ணன் மூலமாகச் சாத்தான் உங்களைத் தாக்குகிறான் என்று யாராவது விளக்கம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த விளக்கம் அண்ணனையே பிசாசாக்கிவிடும். ஒருவனைப் பிசாசின் கையாள் என்று முடிவு கட்டிவிட்டால், அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று யோசிக்கவும் வேண்டாம். எவ்வளவு வசதி பாருங்கள்.

கி.பி. 399இல் இறந்த எவாக்ரியு என்றொரு துறவி எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்தார். தன்னைப் போன்ற துறவிகளை நடுப்பகலில் பிடிக்கிற சோர்வின் பேயை அவர் விவரித்திருக்கிறார். சூரியன் நகரவே இல்லை, பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றவைக்குமாம். எப்போது சாப்பாட்டு வேளை வரும் என்று துறவி வெளியே வந்து வந்து வெயிலைப் பார்ப்பானாம். பிறகு இருக்கிற இடத்தின்மேல் வெறுப்பு வரும், செய்கிற கைவேலையின்மேல் வெறுப்பு வரும். சகோதரரிடையே அன்பு செத்துப்போய்விட்டது, எனக்கு ஆறுதல் சொல்ல ஒருவனும் இல்லை என்ற எண்ணம் வரும். சமீபத்தில் யாராவது அவன் மனதை நோகடித்திருந்தால், அந்தப் பேய் அதையும் எடுத்து வெறுப்போடு சேர்த்துவிடும் என்கிறார். ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்பு, ஆளில்லாத பாலைவனத்தில், கொம்பும் வாலும் இல்லாமல் வந்த பேய் இது. கடைசியில் அது கைவைக்கிற இடம் பக்கத்து அறைச் சகோதரன்.

எனக்கும் இந்தப் பேயோடு பரிச்சயம் உண்டு, என்னிடம் அது இரவில் வரும். ஒரு முறை சபைக் கமிட்டிக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும், "இவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் வேலை நடக்காது" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார். நான் ஒன்றும் பேசவில்லை. இரவு ஒரு மணிக்கு மேல் படுக்கையில் கண்ணை விழித்துக்கொண்டு, அவருக்கு அனுப்ப வேண்டிய பதிலை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் பதில் காரமாக இருந்தது. இரண்டாவது, மரியாதையாகத் தொடங்கி நடுவில் குத்தியது. மூன்றாவதில் வசனமே சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு திருத்தத்திலும் நான் இன்னும் நல்லவனாகவும் அவர் இன்னும் கெட்டவராகவும் ஆகிக்கொண்டே போனோம். போனை எடுக்கக் கை நீண்டது.

அந்த நேரத்தில் எதிர்த்து நிற்பது என்றால் என்ன? நான் செய்தது இதுதான். போனைப் பக்கத்து அறையில் கொண்டுபோய் வைத்தேன். "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்று மெதுவாகச் சொன்னேன். பிறகு அந்த மூத்தவரின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். உருக்கமான ஜெபம் என்று நினைத்துவிடாதீர்கள். "இவரை ஆசீர்வதியும்" என்பதற்குமேல் வாய் வரவில்லை, அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். தூக்கம் உடனே வரவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய், "அன்று நீங்கள் சொன்னது என்னைப் பாதித்தது ஐயா, என்ன குறை கண்டீர்கள்?" என்று கேட்டேன். அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. நான் தாமதப்படுத்திய ஒரு வேலையைச் சுட்டிக்காட்டிவிட்டு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டார். நாங்கள் ஒன்றும் நெருங்கிய நண்பர்களாகிவிடவில்லை. ஆனால் இரவு நேரத்துக் கடிதங்கள் நின்றுவிட்டன.

நான் சொன்ன அந்த வாக்கியம் யூதாவின் நிருபத்தில் 9ஆம் வசனத்தில் இருக்கிறது. பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசைத் தூஷணமாய்க் குற்றப்படுத்தத் துணியாமல் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டான். சகரியா 3இல் அழுக்கு வஸ்திரத்தோடு நின்ற பிரதான ஆசாரியன் யோசுவா அதைக்கூடச் சொல்லவில்லை. சாத்தான் அவனுக்கு விரோதஞ்செய்ய வலதுபக்கத்தில் நின்றான், கடிந்துகொண்டவர் கர்த்தர். பிசாசைப் பெயர் சொல்லித் திட்டி, நையாண்டி செய்து, மிதித்துக் காட்டுகிற ஜெபங்கள் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுதான் காரணம். அப்போஸ்தலர் 19இல் ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேர் இயேசுவின் பெயரை ஒரு மந்திரம்போலப் பயன்படுத்தப் போய், காயப்பட்டு நிர்வாணமாய் ஓடினார்கள். கட்டியும் ஒன்றும் மாறவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நீங்கள் சத்தம் குறைவாகப் போட்டதால் அப்படி ஆகவில்லை.

வனாந்தரத்தில் இயேசு செய்ததையும் பாருங்கள். மூன்று சோதனை, மூன்று பதில், மூன்றும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து. பதில் ஒவ்வொன்றும் ஒரு வரி. வாதம் இல்லை, விளக்கம் இல்லை. ஏவாள் விளக்கம் சொல்லப் போனாள், பேச்சு நீண்டது. இன்னொரு வேடிக்கை, பிசாசும் வசனம் சொன்னான். சங்கீதம் 91இல் தூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்பது வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். அடுத்த வசனம் வலுசர்ப்பத்தை மிதித்துப்போடுவதைப் பற்றியது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை போலும்! ஆகவே ஒரு யோசனை வசனத்தோடு வருகிறது என்பதாலேயே அது தேவனிடமிருந்து வருகிறது என்று எண்ணிவிட முடியாது. அண்ணனைக் கடிந்துகொள்ளத் தோதான வசனம் ஒன்று ஞாபகம் வரும்போது குறிப்பாகச் சந்தேகப்படுங்கள்.

ஜெபத்தில் மனம் நிற்காதது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது எல்லாருக்கும் இருக்கிறது, கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கியே விட்டார்கள். நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஜெபிக்க உட்காரும்போது "நீயெல்லாம் ஒரு விசுவாசியா, உன் ஞானஸ்நானமே பொய்" என்ற குரல் உள்ளே கேட்கிறது என்றால், அதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெளிப்படுத்தல் 12 பிசாசுக்குக் கொடுத்திருக்கிற பட்டம், சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சுமத்துகிறவன் என்பது. பரிசுத்த ஆவியானவர் பாவத்தை உணர்த்தும்போது குறிப்பாக உணர்த்துவார். நேற்று மாலை அம்மாவிடம் சொன்ன பொய் என்று விரல் வைத்துக் காட்டுவார், அறிக்கையிட்டுச் சரிசெய்யவும் வழி இருக்கும். மற்றக் குரல் எதையும் குறிப்பிட்டுச் சொல்லாது, நீ தேறமாட்டாய் என்று மட்டும் சொல்லும். அதனோடு உங்கள் யோக்கியதையைப் பற்றி வழக்காடாதீர்கள், உண்மையில் அந்த வழக்கு நமக்குச் சாதகமானதும் அல்ல. அந்தச் சகோதரர்கள் ஆட்டுக்குட்டியாகிய கிறிஸ்துவின் இரத்தத்தினால் ஜெயித்தார்கள் என்றுதான் அதே அதிகாரம் சொல்கிறது.

கனவுகளுக்கு வருகிறேன். எல்லாக் கெட்ட கனவும் பிசாசிடமிருந்து வருவதில்லை. உபவாசம், தூக்கக் குறைவு, மன அழுத்தம், படுக்கும்வரை பார்த்த காணொளி என எதுவாகவும் இருக்கலாம். 1 இராஜாக்கள் 19இல் எலியா சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின்கீழ் படுத்தான். தேவதூதன் வந்து எந்த ஆவியையும் துரத்தவில்லை. தட்டியெழுப்பி, சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான், தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எனவே உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்திவிட்டு ஒழுங்காகத் தூங்குங்கள். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, பயம் அடங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை, இல்லாத குரல்கள் காதில் கேட்கின்றன என்றால் மருத்துவரிடம் போங்கள், உடனே போங்கள். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லி ஒருவரின் மாத்திரைகளை நிறுத்தவைத்த ஜெபக்கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன், அதன் விளைவையும் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. பேயோட்டுதலை இன்றும் முறைப்படி நடத்துகிற கத்தோலிக்கத் திருச்சபையே, ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் குருவானவர் அதைச் செய்யக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறது.

நான் புராட்டஸ்டண்டு, இருந்தாலும் கத்தோலிக்கரான இஞ்ஞாசியாரிடமிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்வேன். 16ஆம் நூற்றாண்டுக்காரர், இயேசு சபையை நிறுவியவர், போர்வீரராக இருந்து மனம் மாறியவர். மனம் வறண்டு இருண்டிருக்கும் காலத்தில், முன்பு எடுத்த நல்ல தீர்மானங்களை மாற்றாதே என்றார் அவர். நீங்கள் சபையை மாற்றலாமா, வீட்டைவிட்டுத் தனியாகப் போகலாமா என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம். வீட்டில் அடி, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால் அது வேறு கதை, அப்போது பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் சரி. அவர் சொன்ன இன்னொன்று, சத்துரு தன் வேலை இரகசியமாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறான், விஷயத்தைத் தெரிந்த ஒருவரிடம் திறந்து சொல்லிவிட்டால் அவன் தந்திரம் அங்கேயே கெட்டுப்போகும் என்பது. சிங்கத்தைப் பற்றி எழுதிய பேதுருவும் அடுத்த வரியில், உலகத்திலுள்ள உங்கள் சகோதரருக்கும் இதே பாடுகள் உண்டு என்றுதான் சொல்கிறார்.

யாரிடம் சொல்வது என்பதில் மட்டும் கவனம் தேவை. பிசாசு என்றதும் முகம் மலர்ந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அவர்களிடம் போகாதீர்கள். கனவை முழுதாகக் கேட்டுவிட்டு, "சரி, அண்ணனிடம் கடைசியாக எப்போது பேசினாய்?" என்று கேட்கக்கூடிய ஒரு வயதான விசுவாசி இருப்பார், அவரைத் தேடிப் பிடியுங்கள்.